புறப்பாடு இங்கே

கும்மிடிப்பூண்டி
18 மே 2025, ஞாயிறு

அடியே திலகா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் போட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. இன்ஸ்டாவிலும் கதவைச் சாத்திவிட்டாய். ஆனால் தபால்காரரை என்ன செய்வாய்? உன் அத்தை வீட்டு விலாசத்தை உங்கள் அம்மாவிடம்தான் வாங்கினேன். "இன்னாடி, போன்ல பேசிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். "காலேஜ்ல லெட்டர் எழுதச் சொல்லிக்கீறாங்க ஆன்ட்டி" என்று புளுகிவிட்டேன்.

செமஸ்டர் பரீட்சை முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு காக்களூருக்குப் போய்விட்டாய். லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் இரண்டு மாதப் பயிற்சி என்று காலேஜ் மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் வருடத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டிக்கர் தொழில் செய்கிறோம். சிப்காட் தொழிலாளிகளின் ஹெல்மெட்டில் பெயர் ஒட்டியதில் ஆரம்பித்து, கேன்டீன் போர்டு வரைக்கும் வந்தோம். உன் பிளேடும் என் வாயும்தான் முதல். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அந்தக் கேன்டீன் போர்டுதான் கோபத்துக்குக் காரணம் என்று எனக்குத் தெரியாதா? "சாப்பாடு இங்கே" என்று இந்தியில் கேட்டார்கள். கானா என்றால் நமக்குப் பாட்டு, பீகார்க்காரர்களுக்குச் சாப்பாடு. அந்த முதல் எழுத்தின் இரண்டு பாதியும் அடியில் ஒட்டியிருக்க வேண்டுமாம். விலகியிருந்தால் "ரவானா" ஆகிவிடுமாம். அதாவது புறப்பாடு. நீ வெட்டியது விலகியிருந்தது. "புறப்பாடு இங்கே" என்ற போர்டுக்குக் கீழே அத்தனை பேரும் தட்டோடு நின்று சிரித்தார்கள். ஒருத்தன் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டான். கேன்டீன் மேனேஜர் பார்த்திபன் சார் என்னைப் பார்த்தார். "எழுத்து வெட்டினது அவதான் சார்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? வெட்டியது நீதானே?

இன்றைக்கு சர்ச் ஹாலில் பீகார்க்காரர்களுக்கு நாம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பதினாலு பேர் வந்தார்கள். படம் போட நீ இல்லாததால் நானே சாக்பீஸை எடுத்து ஓர் ஆடு வரைந்தேன். ராம்பிரவேஷ் எழுந்து நின்று, "இது நாய்தானே டீச்சர்?" என்றார். அவருக்கு நாற்பது வயது. அந்த வயதில் ஒருவர் சந்தேகம் கேட்டால் என்னவென்று சொல்வது? ஆமாம் நாய்தான் என்று சொல்லிவிட்டேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

கிறிஸ்டினா


காக்களூர்
24 மே 2025

கிறிஸ்டினா,

உன் கடிதம் வந்தது. இந்த வீட்டுக்குக் கையால் எழுதிய கவர் வந்தே பல வருடமாம். அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி, லவ்வா?" என்று கேட்டார். சண்டை என்று சொன்னேன். நம்பவில்லை.

உண்மையைத்தானே சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். ஆமாம். ஷீட் பற்றாததால் அந்த எழுத்தை இரண்டு துண்டாக வெட்டி ஒட்டினேன். இடைவெளி என்னுடையதுதான். ஆனால் எனக்கு இந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. உனக்குத் தெரியும் என்று காலேஜே சொல்கிறது. ஒட்டி முடித்ததும் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ மூன்றடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "சூப்பர்டீ" என்றாய். அந்த ஒரு வார்த்தையை ஏன் பார்த்திபன் சாரிடம் சொல்லவில்லை? நான் கேட்பது இவ்வளவுதான்.

இருபது பேர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, நீயும் அவர்களோடு சேர்ந்து நின்றுகொண்டாய்.

இங்கே காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் வெளியே வருகிறேன். இனி எழுத வேண்டாம்.

திலகவதி

பி.கு.: ஆட்டுக்குக் காது கீழே தொங்க வேண்டும். நீ தூக்கி வைத்திருப்பாய். கொம்பு பின்பக்கமாக வளைய வேண்டும். தாடி போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.


கும்மிடிப்பூண்டி
29 மே 2025

திலகா,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தாடி வரைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் நான்கு தாள் கிழித்துவிட்டேன். சுற்றி வளைத்தால் ஐந்தாவதையும் கிழித்துவிடுவேன். எனக்கு இந்தி படிக்கத் தெரியாது.

பேச வரும். எங்கள் லைன் வீட்டில் ஆறு குடும்பம் பீகார்க்காரர்கள்தான். குழாயடியில் கேட்டுக் கேட்டு வந்த இந்தி அது. முதல் வருடத்தில் மேடம் "யாருக்கு ஹிந்தி தெரியும்?" என்று கேட்டபோது கையைத் தூக்கினேன். எழுதப் படிக்கவா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் என்னை இந்திக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் என்னை யாரும் எதற்கும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. போர்டுக்கு வேண்டிய எழுத்தையெல்லாம் போனில் தேடி எடுத்து உனக்கு அனுப்பினேனே தவிர, ஒன்றையும் படித்ததில்லை. மூன்றடி பின்னால் போய் நின்றபோது அது எனக்கு ஒரு கோலம் மாதிரிதான் தெரிந்தது. அழகாக இருந்தது. சூப்பர் என்றேன்.

சார் கேட்டபோது எனக்குப் பயம். "நீ படிச்சிப் பாக்கலியா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்று பயம். அதற்கு முன்னால் உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

இப்போது ராம்பிரவேஷிடம் எழுத்துப் படிக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அவர் டீச்சர், நான் மாணவி. என்னைவிடக் கண்டிப்பு. கோடு கோணலாகப் போனால் "ஒயுங்கா எய்து" என்கிறார். நம் வகுப்பில் கற்ற தமிழ் இல்லை அது, ஆட்டோ ஸ்டாண்டில் கற்றது. அவர் மனைவி சுனைனா முதல் வரிசையில் உட்கார்ந்து, நிறைமாத வயிற்றின்மேல் நோட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எங்கள் லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ஒன்பது எழுத்து வந்துவிட்டது.

கிறிஸ்டினா


காக்களூர்
3 ஜூன் 2025

கிறிஸ்,

உன் கடிதத்தை பஸ்ஸில் மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை சிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சீட் மாறிப் போய்விட்டார். இரண்டு வருடம்! இந்தி தெரிந்தவள் மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "அந்த கொம்பு கொஞ்சம் பெருசா போடு" என்று எனக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறாய்!

நானும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டும்போதே எனக்குச் சந்தேகம். போனில் இருந்த எழுத்து ஒட்டியிருந்தது, நான் ஒட்டியது விலகியிருந்தது. உன்னிடம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்பாய் என்று கேட்கவில்லை. உனக்கே தெரியாது என்று தெரிந்திருந்தால் நிம்மதியாகக் கேட்டிருப்பேன்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பாஷை படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்து, கையெழுத்துப் போட்டால்தான் லேபிள் மெஷினுக்குப் போகும். முதலாளி வெங்கடேசன் சாருக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பேசத்தான் வரும். தெலுங்கு லேபிள் வந்தால் ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து வரும் அக்கா படிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "பேசத் தெரியும், படிக்கத் தெரியாது" என்று அவர் சொல்லும்போது ஒரு வெட்கமும் இல்லை. உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. நீ இதை எனக்குச் சொன்னாய். அன்று கேன்டீனில் கேட்டவர்கள் இருபது பேர்.

கவருக்குள் நான்கு தாள் வைத்திருக்கிறேன், வகுப்புக்கு. ஒன்றில் ஆடு. ஒன்றில் பஸ், ரயில். ஒன்றில் கடைச் சாமான். கடைசித் தாள் ஆஸ்பத்திரிக்கு. தலை, நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாம் போட்டு, பக்கத்தில் கடிகாரமும் வரைந்திருக்கிறேன். எங்கே வலி, எத்தனை மணியிலிருந்து என்று விரல் வைத்துக் காட்டலாம். அதைச் சுனைனாவுக்குக் கொடு.

திலகா


கும்மிடிப்பூண்டி
10 ஜூன் 2025

திலகா,

போனேன்.

நேற்று மதியம் பன்னிரண்டரைக்கு, சரியாகச் சாப்பாட்டு வரிசை நிற்கும் நேரத்துக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி "இன்னா விசயம்?" என்றார். தப்பை ஒத்துக்கொள்ள வந்தேன் என்று சொன்னால் ரெஜிஸ்டரில் என்னவென்று எழுதுவார்? "ஸ்டிக்கர்" என்று சொல்லி உள்ளே போனேன்.

பார்த்திபன் சார் சாம்பார் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, முதலில் தமிழில் சொன்னேன். "சார், அன்னிக்கு தப்பு திலகவதியோடது இல்ல. எனக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். நான் சரின்னு சொன்னதாலதான் அவ அப்டியே வுட்டா." பிறகு அதையே இந்தியில் அவர்களிடம் சொன்னேன். ராம்பிரவேஷ் வரிசையிலிருந்து கை தட்டுவதற்குப் பதில் தட்டைத் தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். அவ்வளவு எவர்சில்வர் சத்தத்தில் எனக்கு அழுகை வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சார் கரண்டியைக் கீழே வைத்தார். "அதுக்கு இன்னாமா இவ்ளோ பேஜாரு? நான் அந்த போர்ட கழட்டவே இல்லியே. அங்க பாரு" என்றார்.

நம் போர்டு அங்கேயேதான் இருக்கிறது! லீவு போட்டு ஊருக்குப் போகிறவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். போன வாரம் கிளம்பிய ஒருவர், போர்டு இருக்கும் சுவர்ப் பக்கம் விளக்கு போதவில்லை என்று புகார் சொன்னாராம். சார் டியூப்லைட் மாட்டியிருக்கிறார். "அது அங்கியே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு வேற ஒண்ணு ஒட்டிக் குடுங்க. படிக்கத் தெரிஞ்சவன் படிச்சப்புறம் ஒட்டுங்க" என்றார்.

வந்தது வந்துவிட்டாய், சாப்பிட்டுவிட்டுப் போ என்று தட்டில் சோறும் போட்டுவிட்டார். சாம்பாரில் உப்பு கூடுதல். சொல்லவில்லை. ஒரே நாளில் எவ்வளவு உண்மைதான் சொல்வது?

கிறிஸ்


காக்களூர்
14 ஜூன் 2025

கிறிஸ்,

டியூப்லைட்டா!

உன் கடிதத்தை இங்கே மதியச் சாப்பாட்டில் வாய்விட்டுப் படித்தேன். நகரி அக்கா சிரித்து சிரித்துப் புரையேறிப் போனார். பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

திலகா


கும்மிடிப்பூண்டி
20 ஜூன் 2025

திலகா,

நேற்று போனில் "பொண்ணு பொறந்துகீது, நான் அப்புறம் பேசறேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன் அல்லவா? முழுக் கதை இதோ.

நேற்று காலை ஒன்பது மணிக்கு சுனைனாவுக்கு வலி எடுத்துவிட்டது. ராம்பிரவேஷ் ஷிப்டில் இருந்தார். அங்கே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் புது வருட பீஸ் கட்டக் காலேஜுக்குப் போயிருந்தேன். லைன் வீட்டில் அந்த நேரத்தில் ஓர் ஆள் இல்லை. அவள் தானாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து வந்திருக்கிறாள். அங்கே ஸ்டீபன் அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்திக்காரப் பொண்ணாச்சே, இன்னா கேக்கப் போவுதோன்னு பாத்தேன். 'அண்ணா, வவுறு வலிக்குது, ஜி.எச்சுக்கு இட்டுகினு போ, மெதுவா ஓட்டு, பள்ளத்துல வுடாத'ன்னுச்சு. எங்கூர்ல பொறந்த பொண்ணு கணக்கா பேசுது! நான் ஆடிப்பூட்டேன்."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் செண்பகம் சிஸ்டர் டியூட்டியில் இருந்தார். வலி எப்போது ஆரம்பித்தது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது, முதுகிலா அடிவயிற்றிலா என்று அடுக்கிக் கேட்டிருக்கிறார். அவ்வளவு தமிழ் சுனைனாவுக்கு வராது. பைக்குள்ளிருந்து உன் தாளை எடுத்து விரித்தாளாம். கடிகாரத்தில் ஒன்பதில் விரலை வைத்தாள். பிறகு முதுகில் வைத்தாள். பிறகு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். சிஸ்டர் உடனே டாக்டரைக் கூப்பிட்டு அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து அரை மணி ஆகியிருந்தது. இரண்டே முக்கால் கிலோ. தலை நிறைய முடி. ராம்பிரவேஷ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். அதோடேயே குழந்தையைக் குனிந்து பார்க்க, சிஸ்டர் "யோவ், அத கழட்டுயா, கொயந்த பயந்துக்கப் போவுது" என்று அதட்டினார். அவர் சிரித்துக்கொண்டே அழுதார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

வெளியே வரும்போது சிஸ்டர் உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான்காக மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் இருந்தது. "இத யாரு வரைஞ்சது?" என்றார். என் பிரெண்டு என்றேன். "ஒரு நாளிக்கு எத்தினி பேரு பாஷ தெரியாம வந்து நிக்கறாங்க தெரியுமா? பெருசா போட்டு சொவத்துல ஒட்டிக் குடுப்பாளா? டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்றார்.

குடுப்பாள் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டாதே.

கிறிஸ்


காக்களூர்
24 ஜூன் 2025

கிறிஸ்,

திட்ட மாட்டேன். உன் கடிதத்தை அத்தை வீட்டு மாடிக்குப் போய் இன்னொரு தடவை படித்தேன். அந்தத் தாளை ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போட்டேன். தயிர்கூட அதன்மேல் ஒரு சொட்டு விழுந்தது. அது ஒரு பிரசவம்வரை போகும் என்று நினைக்கவே இல்லை.

வெங்கடேசன் சாரிடம் சொன்னேன். அவர் நல்ல ஷீட் ஒன்றை எடுத்து நீட்டினார். தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாதது. சனிக்கிழமை மதியம் மெஷின் சும்மாதான் இருக்கும், உங்கள் வேலைக்கு வந்து ஓட்டிக்கொள் என்றார். டிகிரி முடித்ததும் இங்கேயே வேலைக்கு வா என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் மனதில் நம்முடைய கடைதான் ஓடுகிறது. பாதி நாள் கம்பெனிகளுக்குப் போர்டு, பாதி நாள் இந்த மாதிரி வேலை. நேரில் பேசுவோம். எங்கள் வீட்டில் நைனாவுக்கு இது ஒரு வேலை என்று புரிய வைப்பது உன் வாயின் பொறுப்பு.

பெரிய தாளுக்குப் படம் தயாராகிவிட்டது. பேன்ட் சட்டை போட்ட ஆள் ஒருவர், சுடிதார் போட்ட பெண் ஒருத்தி. தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றிலும் வார்த்தை. தெலுங்கில் நகரி அக்கா விரல் வைத்துப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்திக்குக் கையெழுத்து இடம் மட்டும் காலி; நீ படிக்கும்வரை சுவரில் ஒட்டக் கூடாது என்று சொல்லித்தான் சார் சனிக்கிழமை அச்சடிக்க விடுகிறார். ஞாயிறு 29ஆம் தேதி, பெரியபாளையம் வழியாக வரும் பஸ்ஸில் வருகிறேன். நீயே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ராம்பிரவேஷ் பக்கத்தில் நிற்கலாம். எடுத்துக் கொடுக்கக் கூடாது.

திலகா


கும்மிடிப்பூண்டி
1 ஜூலை 2025

திலகா,

நீ பஸ் ஏறிப் போய் இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் எழுத விஷயம் வந்துவிட்டது.

முதலில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு வார்த்தையையும் நான் படித்து முடித்தபோது நீ என்னை அடித்த இடம் இன்னும் வலிக்கிறது. சந்தோஷத்தில் அடிப்பதாக இருந்தால் மெதுவாக அடி. ராம்பிரவேஷ் ஊருக்கெல்லாம் போன் போட்டு, தன் மாணவி பாஸ் ஆகிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை காலேஜுக்குப் போகும் வழியில் ஜி.எச்சில் எட்டிப் பார்த்தேன். நாம் ஒட்டிய ஷீட் ஓரம் பெயராமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். ஓ.பி. வரிசையில் நம் பக்கத்து அம்மா ஒருவர் நின்றிருந்தார். பெயர் பூவம்மாள், நாற்று நடுகிற கூட்டத்தோடு வந்திருந்தார். சுத்தத் தமிழ் ஆள். அவருக்கு முன்னால் நின்ற பீகார்ப் பையன் படத்தில் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனான். இவர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"ஏம்மா, எனுக்கும் எய்தப் படிக்கத் தெரியாது. இந்தாண்ட பேன்ட்டு போட்ட ஆம்பள கீறான். அந்தாண்ட சுடிதாரு போட்ட பாப்பா கீது. பொடவ கட்னவ ஒருத்தியும் காணோமே. நான் எங்க தொடறது?"

வரிசையே சிரித்துவிட்டது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனோ தலைகால் புரியாத சந்தோஷமாகவும் இருந்தது. நாம் பாஷை தெரியாதவர்களுக்கு என்று நினைத்து ஒட்டினோம். நம் ஊர்க்காரரே அதில் தனக்கு இடம் கேட்கிறார், திலகா.

பையிலிருந்து மார்க்கரை எடுத்தேன். சுடிதார் போட்ட பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவை வரைந்தேன். தலை வந்தது. கை வந்தது. பூவம்மாள் பக்கத்திலேயே நின்று "கொண்டய பெருசா போடு, எனுக்கு முடி ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கொண்டைக்காரியின் முழங்காலில் விரலை வைத்து, "தோ, இங்கதாம்மா, மூணு மாசமா" என்றார். சிஸ்டர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனால் புடவை வரவில்லை. மடிப்பு போட்டுப் பார்த்தேன், சாக்கு மூட்டை மாதிரி நிற்கிறது. பயிற்சி பதினோராம் தேதியோடு முடிகிறதல்லவா? பன்னிரண்டாம் தேதியே பேனாவோடு வந்து சேர். அந்த அம்மா அதே பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மறுபடியும் காட்ட வருவாராம். புடவைக்கு மாம்பழக் கலர்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கிறிஸ்